ஏட்டறிவும் கையறிவும்: விமானத் தொழிலில் பழகுநர் பயிற்சி

வட்டார வளர்ச்சி அலுவலர், கீழ்பென்னாத்தூர்

சென்ற காந்தி ஜெயந்தியன்று நமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சியில் கிராம சபை கூடிக் கலைந்த பின்னர், ஒரு விவசாயி நம்மை அணுகினார். கிணற்றுப் பாசனத்தில் நெல்லும் மணிலாவும் மாற்றி மாற்றிப் பயிரிடும் சிறு குடியானவர் அவர். "ஐயா, பையன் பன்னிரண்டாவது படிக்கிறான். ஆகாய விமானப் படிப்புத்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். தனியார் கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்லுகிறார். கிணற்றுக்குக் கீழண்டையில் உள்ள ஓர் ஏக்கரை விற்றால் பணம் சரியாகிவிடும். விற்கலாமா?" என்று கேட்டார்.

கேள்வி சிறியது, அதனுள் ஒரு குடும்பத்தின் வாழ்வே அடங்கியிருந்தது. அவருக்கு அன்று வேப்பமரத்தடியில் நாம் கூறிய விடையையே இங்குச் சற்று விரித்து எழுதுகிறோம். அவரைப் போன்ற தகப்பன்மார் நமது ஒன்றியத்தின் ஊர்தோறும் இருக்கின்றனர். அவர்கள் முதலில் யோசனை கேட்பது ஊராட்சி உறுப்பினர்களைத்தான். ஆகவே இவ்விஷயத்தை உறுப்பினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகும்.

பழகுநர் என்போர் யார்?

நமது கிராமங்களில் கருமார் பட்டறையைப் பார்க்காதவர் இல்லை. அங்கு வேலை கற்க வரும் சிறுவன் முதல் நாளே சம்மட்டியைத் தூக்குவதில்லை. முதலில் துருத்தி ஊதுகிறான். பிறகு இடுக்கி பிடிக்கிறான். இரும்பு எந்த நிறத்திற்குக் காய்ந்தால் அடிக்கலாம் என்பதைக் கண்ணால் பழகுகிறான். சில ஆண்டுகள் கழித்து ஏர்க்கொழு ஒன்றைத் தானே அடித்து முடிக்கிறான். இவ்வாறு வேலை செய்துகொண்டே வேலையைக் கற்பவனே பழகுநன். இதே முறையைப் பெருந்தொழில்களுக்கும் சட்டத்தின் மூலம் வகுத்திருப்பதே தொழிற்பழகுநர் பயிற்சியாகும்.

நமது நாட்டில் தொழிற்பழகுநர் சட்டம் 1961-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. தொடக்கத்தில் அது பிட்டர், டர்னர், வெல்டர் போன்ற கைத்தொழிலாளர்களையே கருதியது. 1973-இல் செய்யப்பட்ட திருத்தம் பொறியியற் பட்டதாரிகளையும் பட்டயதாரர்களையும் சேர்த்துக்கொண்டது. 2019-இல் திருத்தப்பட்ட விதிகள், முப்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் தம் பணியாளர் தொகையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பழகுநர்களை அமர்த்த வேண்டும் என்று கூறின. பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாய், பட்டயதாரருக்கு 8,000 ரூபாய் என்று குறைந்தபட்ச உதவித்தொகையையும் அவ்விதிகள் வகுத்தன.

படிப்பு வேறு, பழக்கம் வேறு என்று பிரிக்காமல் இரண்டையும் பிணைக்கும் முயற்சியும் நடைபெற்று வருகிறது. பட்டப்படிப்பின் ஒரு பகுதியைத் தொழிற்சாலையிலேயே பயிலும் வகையில் பல்கலைக்கழக மானியக் குழு 2020-இல் வழிமுறைகளை வெளியிட்டது. இங்கிலாந்தில் 2015 முதல் பட்டத்துடன் கூடிய பழகுநர் பயிற்சி நடைமுறையில் உள்ளது. அங்கு ஏர்பஸ், ரோல்ஸ் ராய்ஸ் போன்ற விமானத் தொழில் நிறுவனங்கள் இளைஞரைப் பணியில் அமர்த்திச் சம்பளமும் கொடுக்கின்றன. கல்லூரிக் கட்டணத்தை மாணவன் செலுத்துவதில்லை. வாரத்தில் சில நாள் பட்டறையும் சில நாள் வகுப்பறையுமாகச் சில ஆண்டுகளில் அவன் பட்டதாரியாகிறான்.

விமானத் தொழிலுக்கு இது ஏன் இன்றியமையாதது?

எத்தொழிலுக்கும் பழக்கம் வேண்டும். ஆயினும் ஆகாய விமானத் தொழிலில் அதற்குத் தனிச் சிறப்பு உண்டு. உழவு யந்திரம் வயலில் நின்றுவிட்டால் இறங்கிப் பார்க்கலாம். வானத்தில் பறக்கும் யந்திரத்தை நடுவழியில் நிறுத்திப் பார்க்க இயலாது.

இதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சான்றாகக் கூறலாம். 1990-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலிருந்து ஸ்பெயின் நாட்டுக்குப் புறப்பட்ட ஒரு பயணி விமானத்தில், ஓட்டுநருக்கு முன்னிருந்த கண்ணாடி 17,000 அடி உயரத்தில் பெயர்ந்து பறந்துபோயிற்று. தலைமை ஓட்டுநர் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்ட நிலையில் தொங்கினார். பணியாளர்கள் அவருடைய கால்களைப் பற்றிக்கொண்டிருக்க, துணை ஓட்டுநர் விமானத்தைப் பத்திரமாக இறக்கினார். விமானத்திலிருந்த 87 பேரும் உயிர் பிழைத்தது பெரும் பேறு.

காரணம் என்னவென்று ஆராய்ந்தபோது ஒரு சிறு விஷயம் வெளிப்பட்டது. பறப்பதற்குச் சற்று முன்னர்தான் அக்கண்ணாடி புதிதாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள் வேண்டிய பருமனைவிட ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் இரு பங்கு அளவே மெலிந்தவை. மற்றவை நீளம் குறைந்தவை. பொருத்தியவர் உறுப்புகளின் பட்டியலைப் பார்க்காமல், பழைய போல்ட்டோடு கண்ணளவில் ஒப்பிட்டுப் புதியதை எடுத்துவிட்டார். அவர் அனுபவமற்றவர் அல்லர். எனினும் "கண்ணுக்குச் சரியாக இருக்கிறது" என்ற எண்ணம் அவரையும் ஏமாற்றிவிட்டது. இந்த எண்ணத்தை இளமையிலேயே கையிலிருந்தும் மனத்திலிருந்தும் அகற்றுவதே விமானத் தொழிற்பயிற்சியின் முதல் நோக்கம்.

நாம் பழகிய ஓராண்டு

நாமும் ஒரு குடியானவரின் மகனே. 2003-ஆம் ஆண்டில் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்று வெளிவந்தோம். அதற்காக நம் தந்தையார் அரை ஏக்கர் நிலத்தை அடமானம் வைத்திருந்தார். பட்டத்தை எடுத்துக்கொண்டு ஏறிய படிகள் பல. எல்லா இடங்களிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அனுபவம் உண்டா?" வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும், அனுபவம் இருந்தால்தானே வேலை கிடைக்கும்! இந்தச் சுழலிலிருந்து நம்மை மீட்டது பெங்களூரில் விமான உறுப்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கிடைத்த ஓராண்டுப் பட்டதாரிப் பழகுநர் பயிற்சியாகும்.

போன முதல் வாரத்திலேயே பட்டதாரி என்ற கர்வம் கரைந்துபோயிற்று. கையில் ஓர் இரும்புத் துண்டையும் அரத்தையும் கொடுத்து, அதன் ஆறு பக்கங்களையும் சமதளமாக அராவச் சொன்னார்கள். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் இடையே ஒரு கீற்று ஒளிகூடத் தெரியக் கூடாது. உள்ளங்கை கொப்புளித்தது. கல்லூரியில் வளைகோட்டுக் கணக்குகளை எளிதில் போட்ட நம்மால், மூன்று வாரம் ஆகியும் ஒரு சதுரத் துண்டைச் சதுரமாக்க முடியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியின் பொருள் அன்றுதான் விளங்கிற்று.

அடுத்து மைக்ரோமீட்டர் பிடிக்கப் பழகினோம். தலைமயிரின் பருமனைவிட மிகக் குறைந்த அளவுகளையும் அதில் படிக்க வேண்டும். கையின் சூட்டில் உறுப்பு விரிந்தாலும் அளவு பிசகும் என்று அறிந்தோம். பின்னர் அலுமினியக் கலவைத் தகடுகளில் துளையிட்டு ரிவெட் அடிக்கும் பகுதிக்கு அனுப்பப்பட்டோம். துளையின் விளிம்பில் நிற்கும் பிசிறை வழித்துவிட மறந்தாலும், தகட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்தத் தகட்டைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள். கம்பியை ஒரே இடத்தில் பலமுறை மடக்கினால் ஒடிகிறது அல்லவா? விமானத்தின் உடலும் பறக்குந்தோறும் சிறிது விரிந்து சுருங்குகிறது. இன்றைய கீறல் ஆயிரம் முறை பறந்த பிறகு வெடிப்பாக மாறக்கூடும்.

ஐந்தாம் மாதத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை இங்குக் கூறாமல் இருக்க இயலாது. அப்பட்டறையில் கருவிகளை மாட்டும் பலகை ஒன்று உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவம் பலகையில் வர்ணத்தால் வரையப்பட்டிருக்கும். கருவியை எடுப்பவர் தம் எண் பொறித்த பித்தளை வில்லையை அவ்விடத்தில் மாட்ட வேண்டும். மாலையில் ஓர் இடம் காலியாக இருந்தாலும் வேலை முடிந்ததாகக் கொள்ள மாட்டார்கள். ஒருநாள் அவசரத்தில் வில்லையை மாட்டாமலே ஒரு சிறிய ஸ்பானரை எடுத்தோம். மாலைக் கணக்கில் அது குறைந்தது. எடுத்தவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

உண்மையைச் சொன்னால் பயிற்சி போய்விடும். அடமானத்தில் இருக்கும் அரை ஏக்கர் கண்முன் நின்றது. சொல்லாவிட்டாலோ, அந்த ஸ்பானர் இறக்கைப் பகுதியின் உட்கூட்டில் கிடந்து, என்றோ ஒருநாள் வானத்தில் ஏதேனும் ஒரு கம்பியை நெருக்கலாம். கால்மணி நேரம் வாய் திறக்காமல் நின்றோம். அந்தக் கால்மணி நேரத்தை இன்றும் வெட்கத்துடனேயே நினைவுகூர்கிறோம். பின்னர் போர்மேனிடம் சென்று உண்மையைச் சொன்னோம். அன்று நாம் வேலை செய்த இடங்கள் அனைத்தையும் இரண்டு மணி நேரம் தேடினார்கள். உட்கூட்டின் ஒரு மூலையில், நாம் பயந்த இடத்திலேயே அது கிடந்தது.

போர்மேன் திட்டவில்லை. பதிவேட்டைக் கொண்டுவரச் செய்து, நடந்ததை நம் கையாலேயே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். "தவறு செய்கிறவனுக்கு இங்கு இடம் உண்டு, மறைக்கிறவனுக்கு இடமில்லை" என்று மட்டும் கூறினார். நான்கு ஆண்டுக் கல்லூரி வாழ்வில் கற்காத பாடத்தை அந்த ஒரு மாலையில் கற்றோம். இன்று தடுப்பணையின் கான்கிரீட் ஆழத்தை அளவுப் புத்தகத்தில் பதியும்போதெல்லாம் அந்தப் பதிவேடு நினைவுக்கு வருகிறது. அளந்ததைத்தான் எழுத வேண்டும். எழுதியதற்குக் கையெழுத்திட்டவர் பொறுப்பாளியாக வேண்டும். விமானத்திற்கும் ஊராட்சி வேலைக்கும் இந்த விதி ஒன்றே.

ஆண்டின் முடிவில் எம்முடன் பயின்றவர்களில் ஒரு சிலருக்கே அங்கு வேலை கிடைத்தது. நமக்குக் கிடைக்கவில்லை. பயிற்சி தந்த நிறுவனம் வேலையும் தந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை யாவரும் மனத்தில் இருத்த வேண்டும். ஆனால் பயிற்சிச் சான்றிதழுடன் ஓசூருக்குச் சென்றபோது ஒரு பட்டறையில் ஒரே வாரத்தில் வேலை கிடைத்தது. "அனுபவம் உண்டா?" என்ற கேள்விக்கு அப்பொழுது விடை இருந்தது. இரண்டு ஆண்டுச் சம்பளத்தில் அரை ஏக்கர் மீண்டது. அதன் பிறகே அரசுப் பணித் தேர்வு எழுதினோம்.

முன்னோடிகள் காட்டும் வழி

விமானமும் விண்கலமும் பெருநகரத்தார்க்கே உரியவை என்று எண்ண வேண்டியதில்லை. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், சென்னை குரோம்பேட்டையில் 1949-இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் விமானப் பொறியியல் பயின்றார். படிப்பு முடிந்ததும் பெங்களூரில் உள்ள இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்து, இன்ஜின்களைப் பிரித்துச் செப்பனிடும் குழுவில் கைப்பட வேலை செய்தார். அத்தொழிற்சாலை வால்சந்த் ஹீராசந்த் என்ற தொழிலதிபரின் முயற்சியால் 1940-இல் தொடங்கப்பட்டது.

2025 ஜனவரியில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற நாராயணன் கன்னியாகுமரி மாவட்டத்துச் சிற்றூரைச் சேர்ந்தவர். அவர் முதலில் பெற்றது இயந்திரப் பொறியியல் பட்டயமே. மேற்படிப்புகளெல்லாம் அதன் பின்னர்தான். நமது அண்டை மாவட்டமான விழுப்புரத்தில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்த வீரமுத்துவேலும் பட்டயப் படிப்பில் தொடங்கியவரே. 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் அவர். அதே ஆண்டு செப்டம்பரில் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தை நடத்தியவர் செங்கோட்டையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த நிகர் சாஜி. ஆகவே பெண் மக்களைப் பெற்றவர்களும் இக்கட்டுரையைத் தமக்கு உரியதாகவே கொள்வாராக.

நமது இளைஞர் செய்ய வேண்டியவை

1. பத்தாம் வகுப்பு முடித்தவர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், வெல்டர், எலெக்ட்ரீஷியன் முதலிய பிரிவுகளில் சேரலாம். அல்லது பாலிடெக்னிக்கில் பட்டயம் பயிலலாம். பட்டயத்தில் தேறியவர் பொறியியற் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு.

2. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் அரசுக் கலந்தாய்வு மூலமே பொறியியற் கல்லூரி இடம் தேட வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு அளிக்கும் சட்டம் 2021-இல் இயற்றப்பட்டது. அதன் பயனை இடைத்தரகர் யாரும் நமக்கு வாங்கித் தர வேண்டியதில்லை.

3. விமானப் பொறியியல் என்ற பெயருள்ள பட்டம் இருந்தால்தான் இத்தொழிலில் நுழையலாம் என்பது தவறான எண்ணம். இயந்திரவியல், மின்னியல், மின்னணுவியல் பயின்றவர்களும் இத்தொழிலுக்குத் தேவைப்படுகின்றனர்.

4. தேறியவுடன், காலம் கடத்தாமல், தொழிற்பழகுநர் பயிற்சிக்கான மத்திய அரசின் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பட்டதாரி, பட்டயதாரர் பயிற்சியைக் கவனிக்கும் தென்மண்டல வாரியம் சென்னை தரமணியில் உள்ளது. பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனமும், திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கும் விண்வெளி நிலையமும் பழகுநர்களைத் தேர்ந்தெடுத்து வருகின்றன. சேரும் நாளில் நடைமுறையிலுள்ள உதவித்தொகையையும் வயது வரம்பையும் அந்த அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. பயிற்சியில் சேரும்போது எழுதப்படும் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தே கையெழுத்திட வேண்டும். பயிற்சியின்போது காயம் நேர்ந்தால் இழப்பீடு பெறச் சட்டத்தில் இடமுண்டு. பழகுநருக்கு நிறுவனம்தான் பணம் தருகிறது. பழகுநர் யாருக்கும் பணம் தருவதில்லை. "முன்பணம் கட்டினால் விமானக் கம்பெனியில் சேர்த்துவிடுகிறேன்" என்று ஒருவர் கூறினால், அவரை வாசலோடு அனுப்பிவிடுவதே நலம்.

ஊராட்சியின் கடமை

ஊராட்சி உறுப்பினர்கள் பெருஞ்செலவு எதுவுமின்றி இதில் உதவலாம். தம் ஊரில் தொழிற்பயிற்சி, பட்டயம், பொறியியல் முடித்து வீட்டிலிருக்கும் இளைஞர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். பழகுநர் தேர்வு அறிவிப்பு வரும்போது அதை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டலாம். பயிற்சி முடித்துத் திரும்பிய ஒருவர் ஊரில் இருந்தால், மே தினக் கிராம சபையில் பத்து நிமிடம் அவரைப் பேச வைக்கலாம். நகரத்தில் வாடகையும் சாப்பாடும் உதவித்தொகையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதையும் அவர் மறைக்காமல் சொல்லட்டும். முன்கூட்டியே அறிந்து செல்பவன் நடுவில் திரும்பி வரமாட்டான்.

திண்டிவனத்திலிருந்து நமது வட்டாரத்தைக் கடந்து திருவண்ணாமலை, செங்கம் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை கிருஷ்ணகிரியை அடைகிறது. அங்கிருந்து ஓசூரும் பெங்களூரும் தொலைவில் இல்லை. ஓசூர், 2019-இல் தொடங்கி வைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களுள் ஒன்று. கரும்பு ஏற்றிய வண்டிகளை நாம் நாள்தோறும் பார்க்கும் சாலையே நம் பிள்ளைகளை விமானத் தொழிற்சாலை வாசலுக்கும் அழைத்துச் செல்கிறது.

கிராம சபையில் நம்மைக் கேட்ட விவசாயிக்கு நாம் கூறியதன் சாரம் இதுவே: "பெரியவரே, பையனின் ஆசையைத் தடுக்காதீர்கள், நிலத்தையும் விற்காதீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. முதலில் கலந்தாய்வில் பதிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் பட்டயம் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் ஓராண்டு அவன் கை கொப்புளிக்கட்டும். அதன் பிறகு நிலம் தேவையா என்று யோசிக்கலாம்." அவர் உடனே விடை கூறவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சில வாரங்கள் கழித்து அவ்வழியே சென்றபோது, கிணற்றுக்குக் கீழண்டை அந்த ஓர் ஏக்கரில் மணிலா விதைக்க ஏர் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டோம்.

கிராம சபையில் கலந்து பேசுவதற்கு

1. நமது ஊரில் படிப்பு முடித்து வேலையின்றி இருக்கும் இளைஞர் எத்தனை பேர்? அவர்களில் பழகுநர் பயிற்சிக்குப் பதிவு செய்தவர் எத்தனை பேர்?

2. பிள்ளைகளின் படிப்புக்காகக் கடந்த ஐந்தாண்டுகளில் நமது ஊரில் எவ்வளவு நிலம் விற்கப்பட்டது அல்லது அடமானம் வைக்கப்பட்டது? அதனால் விளைந்த பயன் என்ன?

3. ஊராட்சி வேலைகளில் அளந்ததை அளந்தபடியே எழுதும் பழக்கம் நம்மிடம் எவ்வளவு உள்ளது?